சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் வேலைக்குச் சேராதீர்கள்

மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்ததும் நம் பிள்ளைகள் கோலாலம்பூரின் கடைத்தெருக்களான பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் வேலை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். தீபாவளி நெருங்கும் வாரங்களிலும் அப்படித்தான். அவர்களில் பலர் சம்பளத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. "நாளைக்கு வா, பார்த்துப் போட்டுத் தருகிறேன்" என்று முதலாளி சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பெரியவர்களிடம் காசு பேசக்கூடாது என்று நாம்தானே வளர்த்தோம்! வேலை கேட்கும் இடத்தில் அந்தக் கூச்சம் வேண்டாம்.

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக் கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். மாணவன்தானே என்று 5 ரிங்கிட் பேசினால் அது சட்டத்துக்குப் புறம்பானது. பேசி முடித்த தொகையையும் நேரத்தையும் அன்றே புலனத்தில் (வாட்ஸ்அப்) முதலாளிக்கு மரியாதையாக ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "ஐயா, நாளை காலை 10 மணிக்கு வருகிறேன். மணிக்கு 9 ரிங்கிட் என்றீர்கள், நன்றி."

எங்கள் அடுக்குமாடியில் ஒரு பெண், துணிக்கடைக்குப் போன முதல் நாளே 555 என்ற சிறிய குறிப்புப் புத்தகம் ஒன்று வாங்கினாள். வந்த நேரம், சாப்பாட்டு நேரம், கிளம்பிய நேரம் என்று தினமும் மூன்று கோடுகள் போட்டு எழுதினாள். மாதக் கடைசியில் 11 மணி நேரத்தைக் குறைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. புத்தகத்தை விரித்துக் கல்லாவின்மேல் வைத்தாள். மறுநாள் மீதிப் பணம் வந்தது. வராமல் போயிருந்தால், அதே புத்தகத்தோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போயிருக்கலாம்.

பள்ளிக்குப் போய்க்கொண்டே வேலை செய்பவர்கள் நேரக் கணக்கில் தவறுகிறார்கள். 15 வயது நிறைந்து 18 ஆகாதவர்களுக்குப் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இரவு 8 மணிக்கு மேல் பொதுவாக வேலை வாங்கக்கூடாது. தொடர்ந்து 4 மணி நேரம் உழைத்தால் அரை மணி ஓய்வு கட்டாயம். காலை ஏழரைக்குப் பள்ளிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பும் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, இவற்றில் கிடைக்கும் வேலையாகத் தேடுங்கள். வீடு திரும்ப எல்.ஆர்.டி. ரயிலோ பஸ்ஸோ இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையான மைகார்டின் நகலைக் கொடுக்கலாம். அசலை யாரிடமும் விட்டுவராதீர்கள்.

எனக்கு மிகவும் பயமாக இருப்பது இன்னொன்று. "வேலையே செய்ய வேண்டாம், உன் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் மட்டும் கொடு, மாதம் 300 ரிங்கிட்" என்று கைப்பேசியில் ஆசை காட்டுகிறார்கள். மோசடிப் பணம் கைமாறுவது அந்தக் கணக்கு வழியாகத்தான். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரரை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், அப்பா திட்டுவாரே என்று ஒளிக்காதீர்கள். இன்றே வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்குங்கள். அப்பாவையே அழைத்துக்கொண்டு போய்ப் போலீசில் புகார் கொடுங்கள்.