பீவர்கில் ஆற்றில் வசந்தகால ட்ரவுட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் கடைசி வந்தால் நியூயார்க் கேட்ஸ்கில் மலைகளில் ஓடும் பீவர்கில்லில் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை (கொக்கியில் கட்டிய போலிப் பூச்சி) வீசும் புதுமுகங்கள் நிறையத் தெரிவார்கள். ஒரு காலத்தில் நான் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். கொக்கி மரத்தில் மாட்டுவது, முடிச்சு அவிழ்வது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

விடியற்காலையில் இறங்குவது

வசந்தத்தில் பூச்சிகள் அலாரம் வைத்து எழுவதில்லை. ஹென்ட்ரிக்சன் என்னும் மே ஃப்ளை பூச்சி பெரும்பாலும் மதியம் 2 மணியை ஒட்டித்தான் வெளிவரும், அதுவும் நீர் 10 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகு. நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வந்ததும் தெர்மாமீட்டரை நீரில் விடுங்கள்.

மீன் எழும்பியதும் டிரை ஃப்ளை கட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். போன மே மாதம் ரோஸ்கோ ஊருக்குக் கீழே ஒருவர் நின்றிருந்தார். எதிரே ட்ரவுட்கள் வரிசையாக எழும்பின. அவர் கட்டியிருந்தது ராய் ஸ்டீன்ராட் 1916இல் உருவாக்கிய ஹென்ட்ரிக்சன் டிரை ஃப்ளை, அதாவது நீரின் மேலே மிதக்கும் போலிப் பூச்சி. அருமையான ஃப்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மீனும் சீண்டவில்லை. நிறத்தை மாற்றினார், அளவைக் குறைத்தார். ஹேட்ச் (பூச்சிகள் கூட்டமாக வெளிவருவது) மும்முரமாக இருப்பதே ஒன்றிரண்டு மணி நேரம்தான். அதில் பாதி முடிச்சுப் போடுவதிலேயே போயிற்று.

மேலே மிதக்கும் பூச்சியை மீன் எடுத்தால் காற்றையும் சேர்த்து விழுங்கும், அது செவுள் வழியாக வெளியேறி ஒரு குமிழி நிற்கும். அன்று குமிழியே இல்லை. முதுகும் வாலும் மட்டும் உருண்டு மறைந்தன. அப்படியானால் மீன் தின்பது நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே, பழைய தோலை உரிக்கத் திணறும் பூச்சியை. சிறகு விரித்தது பறந்துவிடும், தோலில் சிக்கியது எங்கே போகும்?

அந்த நேரத்தில் 14ஆம் எண் கொக்கியில் எமர்ஜர் (தோல் உரிக்கும் பூச்சியைப் போன்ற ஃப்ளை) கட்டுங்கள். உடல் நீருக்குள் தொங்க வேண்டும். மிதக்க வைக்கும் பசையைச் சிறகில் மட்டும் தடவுங்கள். உடல் முழுக்கப் பூசினால் அதுவும் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். தூறலும் குளிருமான நாள் என்றால் கதை வேறு. சிறகு காயாமல் பூச்சி நெடுநேரம் மிதக்கும், டிரை ஃப்ளையே போதும்.

எல்லா ஆற்றுக்கும் ஒரே தேதி

டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளைக்கு நீர் வருவது கேனன்ஸ்வில் நீர்த்தேக்கத்தின் குளிர்ந்த அடிப்பகுதியிலிருந்து. அணைக்கு அருகே இதே பூச்சி பிந்தித்தான் வரும்.

லைன் ஃப்ளையை இழுப்பது

லைன் (தூண்டில் கயிறு) ஃப்ளையை இழுத்துக்கொண்டு போனால் மீன் தொடாது.

சாயங்காலம் சீக்கிரம் கிளம்புவது

முட்டையிடும் பூச்சிகள் காற்று அடங்கிய பிறகுதான் நீருக்கு இறங்கும். குளிர் கடுமையாக இருந்தால் மட்டும் கிளம்பலாம்.