குளத்தங்கரையில் சிற்றுயிர் தேடும் குழந்தைகள்: எங்கே தவறுகிறோம்?

வலை தண்ணீரைத் தொடும் முன்பே முதல் தவறு நடந்துவிடுகிறது. தட்டு காலியாக இருக்கும். வலையில் வந்ததை எங்கே போடுவது என்று குழந்தை விழிக்கும், அதற்குள் பிடிபட்ட உயிர் காற்றில் துடிக்கும். வெள்ளைத் தட்டில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு அதே குளத்து நீரை முதலிலேயே நிரப்பி வையுங்கள். குழாய் நீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கலாம். தட்டு நிழலில் இருக்கட்டும். மேலோட்டமான நீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும். சூடான நீரில் உயிர்வளி குறையும். பத்துப் பதினைந்து நிமிடம் பார்த்தால் போதும், பிறகு திருப்பி விட்டுவிடலாம்.

அடுத்தது, வலையால் சேற்றை வாருவது. ஆழத்தில்தான் நிறைய இருக்கும் என்று குழந்தைகள் நினைக்கிறார்கள். கிடைப்பதோ கருஞ்சேறும் அழுகிய இலையும்தான். கலங்கிய தட்டில் எதுவும் தெரியாது, உள்ளே இருக்கும் உயிர்களின் செவுள்களிலும் சேறு அடைக்கும். நீர்ச்செடிகளின் ஓரமாக, எட்டுப் போடுவதுபோல் நான்கைந்து முறை மெதுவாக வலையை ஓட்டச் சொல்லுங்கள். பிறகு வலையைத் தட்டு நீருக்குள் உட்புறம் வெளியே வரும்படி புரட்டினால் எல்லாம் தானாகக் கழன்று விழும். விரலால் பிய்த்து எடுத்தால் கால் ஒடியும்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் விட்டுவைப்பது பலரும் கவனிக்காத தவறு. தும்பியின் இளம்பூச்சி அசையாமல் கிடக்கும். தலைப்பிரட்டை பக்கத்தில் வந்ததும், முகத்துக்கடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கை நீட்டுவதுபோல் வீசிப் பிடித்துவிடும். நீர்மூழ்கி வண்டின் புழுவும் அப்படித்தான். வேட்டையாடிகளுக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள்.

பெயர் சொல்ல அவசரப்படுவதுதான் இவற்றில் பெரிய தவறு என்பேன். பெரியவர் பெயரைச் சொன்ன நொடியில் குழந்தை உற்றுப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. முதலில் கால்களை எண்ணட்டும். ஆறு என்றால் பெரும்பாலும் பூச்சி; எட்டு என்றால் சிலந்தி இனம், நீர்ச்சிற்றுண்ணியும் இதில் சேரும்; இன்னும் கூடுதல் என்றால் இறால் வகையாக இருக்கலாம். கொசுப்புழுவுக்குக் காலே இல்லை. அடுத்து வால் முனையைப் பார்க்கட்டும். இலைபோல் தட்டையாக மூன்று இருந்தால் ஊசித்தும்பியின் இளம்பூச்சி. நூல்போல் மெல்லிய இழைகளும், வயிற்றின் இருபுறமும் படபடக்கும் செவுள்களும் இருந்தால் மே ஈயின் இளம்பூச்சி. குட்டையான உடலும் இலைவால் இல்லாத பின்முனையும் என்றால் தும்பி. அது பின்பக்கமாக நீரைப் பீய்ச்சி முன்னே பாயும். இனம் வரை போக வேண்டியதில்லை, 'ஊசித்தும்பி வகை' என்று குறித்துக்கொண்டாலே சரியான பதிவுதான். செயலி தரும் பெயரையும் இந்த அடையாளங்களோடு ஒப்பிட்டபின் எழுதுங்கள். லென்ஸைக் கண்ணருகே வைத்துக்கொண்டு கிண்ணத்தைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். பல குழந்தைகள் தலைகீழாகச் செய்து மங்கலாகவே பார்க்கிறார்கள்.

நீர்த்தேளின் நீண்ட வாலைக் கண்டு அலறுவார்கள். அது கொடுக்கு இல்லை, மூச்சுக்குழல். மல்லாந்து நீந்தும் முதுகுநீச்சல் பூச்சியைத்தான் கையில் எடுக்கக் கூடாது, சுருக்கென்று குத்தும். எதையும் கரண்டியால் நீரோடு முகந்து மாற்றுவதே நல்லது. கையில் பூசிய கொசுவிரட்டியும் சன்ஸ்கிரீனும் தலைப்பிரட்டையின் மெல்லிய தோலுக்குக் கேடு.

கரையில் நின்றபடி குனியவே விடாதீர்கள். மண்டியிட்டு வலை வீசட்டும். ஒரு வலைக்கு இருவர், மாற்றி மாற்றி. பெரியவர் நீரோரத்திலேயே இருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி காயம் வழியே நுழையும் என்பதால் கீறல்களை நீர்புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். தின்பதற்கு முன் சோப்பால் கை கழுவியாக வேண்டும்.

விடும்போது உயரத்திலிருந்து கொட்டாதீர்கள். எடுத்த இடத்திலேயே தட்டை நீரில் சாய்த்தால் அவை தாமாக நீந்திப் போகும். வலையில் ஒட்டிய பாசியையும் அங்கேயே அலசி விடுங்கள், அதில் நத்தை முட்டைகள் இருக்கலாம். ஈர வலையோடு அடுத்த குளத்துக்குப் போனால் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையும் கூடவே போகலாம். வலை, தட்டு, செருப்பு எல்லாம் கழுவி முழுவதும் காய்ந்த பிறகே அடுத்த நீர்நிலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.