வீடியோ பரவிய பிறகு "யார் பேசுவது?" என்று தேடாதீர்கள்

பிரியாணியில் பூச்சி கிடக்கிறது என்று ஒரு வீடியோ வாட்ஸாப்பில் சுற்றினால், கடை முதலாளிக்கு அது பெரும்பாலும் கடைசியில்தான் தெரியவரும். அதற்குள் கல்லாவில் இருக்கும் பையனிடம் யாராவது மைக்கை நீட்டியிருப்பார்கள். அவன், பாவம், வாயில் வந்ததைச் சொல்லியிருப்பான். அன்று மாலை அதுதான் செய்தி.

பல தொழில்கள் சறுக்குவது இங்கேதான். யார் பேசுவது, அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்பதை அமைதியான நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மற்ற ஊழியர்களுக்கு ஒரே ஒரு வரி போதும்: "விசாரிச்சுட்டு இருக்காங்க சார், இந்த நம்பர்ல கேளுங்க." வக்கீல், உணவுப் பாதுகாப்பு அலுவலர், பெரிய வாடிக்கையாளர்கள் ஆகியோரின் எண்களைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். கடையின் ஃபேஸ்புக் பாஸ்வேர்டு, போன வருஷம் வேலையை விட்டுப் போனவரிடம் மட்டும் இருந்தால் அதையும் இன்றைக்கே மாற்றுங்கள்.

அடுத்தது, "கண்டுகொள்ளாமல் விட்டால் அடங்கிவிடும்" என்ற நினைப்பு. 2009 ஏப்ரலில், அமெரிக்காவின் வட கரோலினாவில் டாமினோஸ் ஊழியர்கள் இருவர் உணவை அசிங்கப்படுத்தும் வீடியோவை யூடியூபில் போட்டார்கள். பதில் சொன்னால் இன்னும் பரவும் என்று நிறுவனம் முதலில் தயங்கியது. அதன் தலைவர் யூடியூபிலேயே வந்து மன்னிப்புக் கேட்பதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். முழு விவரம் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இது, அடுத்த தகவல் மாலை 6 மணிக்கு என்றால் போதும். ஆனால் 6 மணிக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாடம் மேகி. உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் 17.2 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 17.2 பங்கு) ஈயம் இருப்பதாகக் கொல்கத்தா ஆய்வகம் சொன்னது, அனுமதி 2.5 மட்டுமே. விவகாரம் வாரக்கணக்கில் தொலைக்காட்சிகளில் ஓடியது. எங்கள் பொருள் பாதுகாப்பானது என்றே நெஸ்லே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் உலகத் தலைமை அதிகாரி டெல்லிக்கு வந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தது 2015 ஜூன் 5 அன்று, தேசியத் தடை வந்த அதே நாளில். தமிழ்நாடு அதற்கு முந்தைய நாளே தடை போட்டிருந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம், நிறுவனத்தின் தரப்பை உரியபடி கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரமும் இல்லை என்று தடையை ரத்து செய்தது. மறுசோதனையிலும் ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் மேகி கடைக்குத் திரும்ப நவம்பர் ஆனது. "என் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கும் அம்மாவுக்கு பிபிஎம் கணக்கு பதிலாகாது. அவருக்குப் புரியும் இரண்டு வரியை முன்கூட்டியே எழுதி, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் திருத்துங்கள்.

பழியைத் தள்ளுவதும் எடுபடாது. 2003-ல் மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருப்பதாகப் புகார் வந்தபோது, கடைக்காரர்கள் சரியாக வைத்திருக்கவில்லை என்றது நிறுவனம். அப்படியானால் உறை ஏன் தாங்கவில்லை என்ற கேள்வி வந்தது. 2004 தொடக்கத்தில் உறையையே மாற்ற வேண்டியதாயிற்று. அதைவிட மோசம் தன்னிரக்கம். 2010-ல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணற்று வெடிப்பில் 11 தொழிலாளர்கள் இறந்திருக்க, பிபி என்ற எண்ணெய் நிறுவனத்தின் தலைமை அதிகாரி டோனி ஹேவர்ட், தன் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைத்தால் போதும் என்கிற மாதிரி கேமரா முன் பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார், ஆனால் இன்றும் அவர் பெயரோடு வருவது அந்த ஒரு வரிதான்.

அப்புறம், யாரும் யோசிக்காத ஒரு சின்ன விஷயம்: தானாகப் பதிவாகும்படி முன்கூட்டியே போட்டு வைத்த விளம்பரங்கள். வாடிக்கையாளர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது "ஆடி ஆஃபர், வாங்க சாப்பிடலாம்!" என்று உங்கள் பக்கத்தில் வந்து விழும். ஞாயிறு இரவு 11 மணிக்கு அதை நிறுத்தத் தெரிந்தவர் யார் என்று நாளைக்குக் கடையில் கேட்டுப் பாருங்கள்.