சொந்த ஊரிலேயே தீம் ரிசார்ட் விடுமுறை: முதல்முறை போகிறவர்களுக்கு

"கப்பல் எங்கேப்பா?" அறைக் கதவைத் திறந்ததும் என் மகள் கேட்டது இதைத்தான். கடற்கொள்ளையர் தீம் என்று படம் காட்டிக் கூட்டிப் போயிருந்தோம். கப்பல், பீரங்கி, புதையல் பெட்டி எல்லாம் ரிசப்ஷனோடு முடிந்துவிட்டன. தீம் அறை என்பது தனி வகை. நான் புக் செய்தது சாதாரண அறை. தப்பு என்னுடையதுதான்.

படி 1: தீம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

சில ரிசார்ட்டுகளில் தீம் கட்டடத்திலேயே இருக்கும். அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 1971-ல் திறந்த கன்டெம்பரரி ரிசார்ட்டில் மோனோரயில் கட்டடத்துக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே தங்கும் எல்லோருக்கும் அது பொது. வேறு சிலவற்றில் குறிப்பிட்ட அறைகளில் மட்டும்தான். அதனால் ரிசார்ட்டின் படத்தை விட்டுவிட்டு, நீங்கள் எடுக்கப்போகும் அறை வகையின் படத்தைப் பாருங்கள். தீம் அறைக்குக் கூடுதல் பணம் கேட்டால், குழந்தைகள் அறையில் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்று யோசியுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் பிள்ளைகளுக்குச் சாதாரண அறையே போதும். அறையில் தீம் இருக்காது என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சரி.

படி 2: ஞாயிற்றுக்கிழமை இரவைப் பிடியுங்கள்

உள்ளூர்க்காரருக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான். வெளியூர்க்காரர்கள் ஞாயிறு மதியமே மூட்டை கட்டிவிடுவார்கள். அன்று இரவு அறை வாடகை பெரும்பாலும் இறங்கும், திங்கள் காலை ஸ்லைடில் வரிசையும் இருக்காது. திங்களன்று பள்ளி விடுமுறை வரும் வாரமாகப் பாருங்கள். ஆனால் ஊருக்கே விடுமுறை என்றால் இந்தக் கணக்கு எடுபடாது. உள்ளூர்வாசிகளுக்குத் தனிச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

படி 3: பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள்

வரி, இதர கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகை எவ்வளவு? எந்த வயதுவரை குழந்தைக்குக் கட்டணமில்லை? தண்ணீர்ப் பூங்கா வாடகையில் அடங்குமா, தனி டிக்கெட்டா? ரத்து செய்தால் பணம் திரும்புமா? குழந்தைக்குக் காய்ச்சல் வர ஒரு ராத்திரி போதும். அதனால் கொஞ்சம் கூடுதலானாலும் பணம் திரும்பக் கிடைக்கும் புக்கிங்கைத்தான் நான் எடுப்பேன்.

தாத்தா பாட்டியும் வந்தால், நடுவில் கதவு வைத்த கனெக்டிங் அறைகள் வேண்டும் என்று சொல்லுங்கள். பக்கத்து அறை என்று மட்டும் சொன்னால் ராத்திரி முழுக்கத் தாழ்வாரத்தில்தான் நடமாட்டம்.

படி 4: அறை கிடைக்குமுன்பே போய்விடுங்கள்

பல இடங்களில் செக்-இன் பிற்பகல் 2 அல்லது 3 மணி, செக்-அவுட் காலை 11 அல்லது 12. அதை அப்படியே பின்பற்றினால் ஒரு நாள் வாடகைக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது. காலையிலேயே போய்ப் பதிவை முடித்து, அறை தயாராகும்வரை நீச்சல் குளத்துக்குப் போகலாமா என்று முந்தின நாளே கேட்டுவையுங்கள். நிறைய இடங்களில் விடுவார்கள். நீச்சல் உடைகளைத் தனிப் பையில் மேலாக வையுங்கள். பெரிய பெட்டியைக் கிளறிக்கொண்டு நிற்க வேண்டாம்.

செக்-இன்னில் கேட்கும் டெபாசிட்டுக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் அந்தப் பணம் முடங்கி, திரும்ப விடுபடச் சில நாட்கள் ஆகலாம்.

படி 5: தண்ணீரில் காவல் முறை வையுங்கள்

இதில் மட்டும் நான் கறார். தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல் நடந்துவிடும். நான்கு பெரியவர்கள் கரையில் இருந்தால், அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நால்வருமே பேச உட்கார்ந்துவிடுவோம். எனவே அரை மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். முறைக்காரர் போன் பையில்.

காற்றடைத்த கைப்பட்டை விளையாட்டுப் பொருள்தான், நம்ப வேண்டாம். அளவு சரியான லைஃப் ஜாக்கெட் கேளுங்கள். நீல நிற நீச்சல் உடை குளத்து நீரோடு கலந்து கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு எடுங்கள். சன்ஸ்க்ரீனை வெயிலில் இறங்க 15 நிமிடம் முன்பே பூசி, 2 மணிக்கொருமுறை மறுபடி பூசுங்கள். 6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு அது வேண்டாம், நிழல் போதும்.

ஸ்லைடுகளுக்கு உயர வரம்பு உண்டு. வீட்டிலேயே அளந்து, எதில் ஏற முடியாது என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். வரிசையின் முடிவுவரை போய், ஏற முடியாமல் திரும்பும்போது வரும் அழுகை கொடுமை.

படி 6: வீட்டுக்கு ஓடாதீர்கள்

வீடு பக்கத்தில்தானே என்று மறந்துவிட்ட சார்ஜரை எடுக்கப் போவீர்கள். போனால் கூரியர் வந்திருக்கும், துணி காய்ந்திருக்கும், ஒரு மணி நேரம் போயிருக்கும். சார்ஜரை ரிசப்ஷனில் கேளுங்கள், இரவல் தருவார்கள்.

படி 7: பில்லை முந்தின இரவே பாருங்கள்

அறைச் சாவி அட்டையைக் காட்டி வாங்கியதெல்லாம் கணக்கில் ஏறியிருக்கும். செக்-அவுட் நேர நெரிசலில் சரிபார்க்க முடியாது. அப்புறம், ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துப் போங்கள். செக்-அவுட்டுக்குப் பிறகும் குளத்தில் இருக்க அனுமதி கிடைத்தால் அந்தப் பைதான் கடைசியாக நிரம்பும்.