ரெண்டு ராத்திரி ரிசார்ட்டுக்கு ஆளுக்கு ஒரு தோள்பை போதும்

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கடலை ஒட்டியுள்ள ரிசார்ட் எதிலாவது இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரப் போகிறீர்களா, ஆளுக்கு ஒரு தோள்பை போதும். பெரிய சூட்கேஸ் வேண்டாம், பீரோவில் பாதியை அள்ளிக்கொண்டு போகவும் வேண்டாம். போவதே ஓய்வெடுக்கத்தான். ஆனால் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணி வரை எல்லோருடைய துணியையும் மடித்துக்கொண்டிருப்பது யார், போய் இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் எது எங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுப்பது யார், திரும்பி வந்து இரண்டு நாளைக்கு வாஷிங் மெஷின் போடுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அவர்களுக்கும் அது விடுமுறையாக இருக்க வேண்டும் என்றால் பை சின்னதாக இருக்க வேண்டும், அவரவர் பையை அவரவரே கட்ட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகூட தன் ஜட்டி, பனியன், பிரஷ்ஷை எடுத்து வைத்துக்கொள்ளும். பெரியவர்கள் ஒரு தடவை திறந்து பார்த்தால் சரி.

கனத்துக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்: 7 கிலோ. விமானத்தில் கைப்பைக்கு விடும் அளவு அது. புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் வந்து இறங்குபவர்களுக்கு அது விதி, பஸ்ஸில் வருபவர்களுக்கு அதுதான் நிம்மதி. புதுச்சேரி - கடலூர் பஸ்ஸில் கூட்டம் குறையவே குறையாது, தவளக்குப்பத்திலோ கிருமாம்பாக்கத்திலோ இறங்கும்போது தோளில் ஒரு பை என்றால் அப்படியே இறங்கிவிடலாம், ட்ராலி என்றால் நாலு பேரை நகரச் சொல்லி, படியில் இடித்து, கண்டக்டரிடம் பேச்சு வாங்கித்தான் இறங்க வேண்டும். மெயின் ரோட்டில் இருந்து கடற்கரைக்குப் போக ஆட்டோ பிடித்தாலும், உள்ளே மணல் பாதையில் ட்ராலியின் சக்கரம் உருளாது, கையில்தான் தூக்க வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் பையோடு ஒரு தடவை, பை இல்லாமல் ஒரு தடவை ஏறி நின்று கழித்துப் பாருங்கள்.

துணியைத் தொடுவதற்கு முன்னால் ரிசார்ட்டுக்கு ஒரு போன் போடுங்கள். பையின் பாதிக் கனம் அந்தப் போனிலேயே குறைந்துவிடும். துவாலை, சோப்பு, ஷாம்பு கொடுக்கிறார்களா, பூலுக்குத் தனித் துவாலை உண்டா, அறையில் கெட்டில் இருக்கிறதா, அயர்ன் பாக்ஸ் கேட்டால் தருவார்களா, பிள்ளைக்குக் கூடுதல் மெத்தையும் போர்வையும் கிடைக்குமா, பூலில் எந்த உடைக்கு அனுமதி, எத்தனை மணிக்கு அறை கொடுப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். 'எல்லாம் இருக்கும் சார்' என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னதைப் பையில் வைக்காதீர்கள், எதற்கும் இருக்கட்டுமே என்று வைப்பதுதான் பையைக் கனக்க வைக்கிறது.

இனி துணி. ரிசார்ட்டில் நாம் இருக்கும் இடம் நாலுதான்: அறை, பூல், சாப்பிடும் இடம், கடற்கரை. இதற்கு வேளைக்கு ஒரு உடை தேவையே இல்லை. போட்டுக்கொண்டு கிளம்பும் உடை ஒன்று. பையில் மேலுக்கு இரண்டு, கீழுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒரு நைட்டியோ கைலியோ, நீச்சல் உடை, உள்ளாடை நாளுக்கு ஒன்று வீதம், கூட ஒன்று. அவ்வளவுதான். பெண்கள் இரண்டு குர்த்திக்கும் பொருந்துகிற மாதிரி கறுப்பு அல்லது கருநீல லெக்கிங்ஸ் ஒன்று எடுத்தால் மணல் கறையும் தெரியாது. துப்பட்டாவை விட்டுவிடாதீர்கள், வெயிலுக்குத் தலையில் போடலாம், கோயிலுக்கு ஆகும், ஏசி பஸ்ஸில் போர்த்திக்கொள்ளலாம். சாயங்காலம் புடவை கட்டிப் படம் எடுக்க ஆசை என்றால் தாராளமாக எடுங்கள், ஆனால் ஜார்ஜெட்டோ கிரேப்போ எடுங்கள், கஞ்சி போட்ட காட்டன் புடவை பையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆண்கள் ஒரு பருத்தி வேட்டி வைத்தால் கோயிலுக்கும் ராத்திரிக்கும் அதுவே ஆகும். ஜீன்ஸ் போட்டே ஆக வேண்டும் என்றால் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், பையில் வைக்காதீர்கள். இந்தக் கடற்காற்றில் நனைந்த ஜீன்ஸ் காய்வதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

இந்தக் கரையில் வெயிலைவிட புழுக்கம்தான் படுத்தும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும், அப்போது மெல்லிய பருத்தி தவிர எதுவும் உடம்பில் நிற்காது. மார்கழி, தையில் விடியற்காலை பனி இறங்கும். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலில் இருந்து எழும், அதைப் பார்க்க எல்லோரும் ஐந்தரை மணிக்கே எழுந்து போவார்கள், அதற்கு ஆளுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். அப்போது மட்டும் உள்ளாடையும் டீ-ஷர்ட்டும் ஒரு செட் கூட வையுங்கள், துவைத்தால் காயாது. கிளம்பும் முன் வானிலை அறிக்கையையும் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சலும் புதுச்சேரியை ஒட்டித்தான் வந்தது. கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு எண் ஏறிக்கொண்டே போகிறது என்று செய்தி வந்தால் பை கட்டாதீர்கள், தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

பூலுக்கான உடைதான் நம் ஊரில் பலரும் யோசிக்காமல் கிளம்பும் விஷயம். நைலான், பாலியஸ்டர், லைக்ரா கலந்த நீச்சல் உடைக்குத்தான் பெரும்பாலான இடங்களில் அனுமதி. காட்டன் டீ-ஷர்ட், சுடிதார், கைலியோடு இறங்க விடமாட்டார்கள், விடாததற்குக் காரணமும் இருக்கிறது: பருத்தியில் இருந்து பிசிறு பிரிந்து பூலின் வடிகட்டியை அடைக்கும், சாயம் தண்ணீரில் இறங்கும், துணி தண்ணீரைக் குடித்துக் கனத்து ஆளையும் இழுக்கும். முழுக்கை வைத்து, கால் வரை மூடும் நீச்சல் உடைகள் இப்போது சாதாரண விளையாட்டுப் பொருள் கடைகளிலேயே கிடைக்கின்றன, கூச்சப்பட்டுக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ரிசார்ட்டுக்குள் விலை அதிகம்.

ஒரே நீச்சல் உடையை வைத்து இரண்டு நாளும் ஓட்ட ஒரு வழி இருக்கிறது. பூலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், குளோரின் தங்கினால் துணியின் இழுவை போய்விடும். முறுக்கிப் பிழியாமல் கையால் அழுத்தித் தண்ணீரை எடுங்கள். அறையில் கொடுத்த பெரிய துவாலையைத் தரையில் விரித்து, உடையை அதன்மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாயைச் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டுங்கள். சுருட்டியதன்மேல் முழங்காலை வைத்து இந்த முனையில் இருந்து அந்த முனை வரை அழுத்திக்கொண்டே போங்கள். பிரித்துப் பார்த்தால் துவாலை ஈரமாகியிருக்கும், உடை கையில் ஒட்டாது. அப்புறம் ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். பாத்ரூமில் தொங்கவிட்டால் காயாது, அங்கே காற்றே கிடையாது.

வீட்டில் இருந்து துவாலை கொண்டுபோவதானால் ஈரிழைத் துண்டு ஒன்று மட்டும். மடித்தால் உள்ளங்கை அகலம்தான், முக்கால் மணி வெயிலில் காயும், கடற்கரையில் விரித்து உட்காரலாம், பிள்ளையின் தலையைத் துவட்டலாம், பஸ்ஸில் கழுத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பொசுபொசு டர்க்கி டவல் ஒன்று வைக்கும் இடத்தில் இந்தத் துண்டு மூன்று வைக்கலாம்.

ஒரு நாள் வெளியே சுற்றும் எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள், ஆனால் அதற்காக இன்னொரு பை வேண்டாம். திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயில், திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர், சிதம்பரம் என்று போனால் ஏற்கெனவே உள்ள வேட்டியும் சுடிதாரும் போதும். அரவிந்தர் ஆசிரமத்தில் செருப்பை வெளியே விட வேண்டும், உள்ளே பேசக் கூடாது, போனை அணைத்துவிட வேண்டும். ஆரோவில்லில் மாத்ரிமந்திர் தியான மண்டபத்தைத் தூரத்தில் இருந்து பார்க்கும் இடத்துக்கே வெயிலில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் தேவைப்படும் இடம் அது. புதுச்சேரி பீச் ரோட்டில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், அந்த நீளம் முழுக்க நடைதான். ஆகவே வெளியே சுற்றச் செருப்பு ஒரே ஜோடி, நடக்க வசதியாகவும் சட்டென்று கழற்றி மாட்டவும் ஏற்றதாக, அதுவும் காலில். நனைந்தால் பரவாயில்லாத ரப்பர் செருப்பு ஒரு ஜோடியைப் பையின் ஓரத்தில் செருகினால் பூலுக்கும் கடற்கரைக்கும் ஆயிற்று. ஷூ வேண்டாம், ஒரு தடவை மணல் புகுந்தால் தட்டத் தட்ட வந்துகொண்டே இருக்கும்.

நகையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சின்னக் கம்மல் போதும். மணலில் விழுந்த மோதிரம் கிடைக்காது, பூலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கழற்றி எங்கே வைப்பது என்ற கவலையோடு என்ன ஓய்வு?

மருந்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு நாளைக்குக் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு, தோள்பையிலேயே வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது, அறைக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசர் பக்கம் ஒட்டாமல். அது போக பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பிளாஸ்டர், கொசுவுக்கு ஓடோமாஸ், சன்ஸ்கிரீன். தேங்காய் எண்ணெயைப் பெரிய பாட்டிலோடு எடுக்காமல் பழைய மருந்து பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி, மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து இறுக்கி மூடுங்கள். ஒழுகாது.

பிள்ளைகள் இருந்தால் பூலுக்குக் கைச்சிறகு, அதாவது காற்றடித்துக் கையில் மாட்டும் மிதவை, காற்று இல்லாமல் மடித்து வைத்தால் இடமே பிடிக்காது. மிதவை போட்டிருந்தாலும் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். பொம்மைகளில் ஒன்றே ஒன்று, எது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மணல் இருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டுச் சாமான் அதிகம் தேவைப்படாது.

சார்ஜரும் ஆளுக்கு ஒன்று வேண்டாம், இரண்டு மூன்று கேபிள் செருகும் சார்ஜர் ஒன்றே குடும்பத்துக்குப் போதும். விமானத்தில் வருபவர்கள் பவர் பேங்கைக் கையோடு கொண்டுவரும் பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பையில் போடக் கூடாது. பெரியவர்கள் எல்லோருடைய ஆதாரும் தேவைப்படும், எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக் கூடை பற்றிச் சொன்னால் அம்மாக்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். காலை டிபன் ரிசார்ட்டிலேயே சேர்த்துத்தான் வாங்கியிருப்பீர்கள், பல இடங்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியும் இல்லை. வழிக்குப் பொடி தடவிய இட்லியோ புளியோதரையோ எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுங்கள், ஆனால் போய்ச் சேரும்போது காலியாகும் அளவுக்கு, வாழை இலையிலும் பேப்பரிலும் மடித்துக் கட்டுங்கள். எவர்சில்வர் தூக்கும் அடுக்கு டப்பாவும் கொண்டுபோனால் காலிப் பாத்திரத்தை இரண்டு நாள் சுமந்து, கழுவி, திரும்பக் கொண்டுவர வேண்டும். கைக்குழந்தைக்கோ பத்தியச் சாப்பாடு சாப்பிடும் பெரியவர்களுக்கோ தேவையானது வேறு விஷயம், அதைப் போனிலேயே ரிசார்ட்டில் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

பையை அடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள் என்றால், பதினோரு மணிக்கே போய்ச் சேர்ந்த நீங்கள் அந்த மூன்று மணி நேரமும் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நீச்சல் உடை, ஈரிழைத் துண்டு, ரப்பர் செருப்பு, சன்ஸ்கிரீன் நான்கையும் பையின் மேலேயே வைத்தால் பையை அவர்களிடம் கொடுத்துவிட்டு நேராகப் பூலுக்குப் போய்விடலாம். பல இடங்களில் பூல் பக்கத்திலேயே உடை மாற்றும் அறை இருக்கும், அதையும் அந்த முதல் போனிலேயே கேட்டுவைத்தால் நல்லது. மடித்து அடுக்குவதைவிடச் சுருட்டி அடுக்கினால் கசங்கலும் குறையும், எது எங்கே என்றும் தெரியும்.

பையின் அடியில் மடித்த மஞ்சப்பை இரண்டு போட்டுவையுங்கள். ஒன்று அழுக்குத் துணிக்கு. இன்னொன்று திரும்பும்போது வாங்குவதற்கு, ஏனென்றால் எப்படியும் ஏதாவது வாங்குவோம்: ஆசிரமத்துக் கைத்தாள் நோட்டு, ஆரோவில் ஊதுபத்தி, பண்ருட்டிப் பக்கமாகத் திரும்பினால் முந்திரி. வில்லியனூர் சுடுமண் பொம்மை வாங்கினால் அழுக்குத் துணியில் சுற்றிப் பையின் நடுவில் வைத்துவிடுங்கள், உடையாது. பலாப்பழம் முழுசாக வேண்டாம், சுளையாக வாங்கி வழியிலேயே சாப்பிடுங்கள். மது பாட்டில் எதையும் பையில் போட்டுக்கொண்டு புதுச்சேரி எல்லை தாண்டாதீர்கள், முள்ளோடை சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து பார்ப்பார்கள், ஒருவர் பையில் இருந்தால் மொத்தக் குடும்பமும் இறங்கி நிற்க வேண்டிவரும்.

அறையைக் காலி செய்யும் நாளன்று காலையில் பூலுக்குப் போகாமல் இருப்பது நல்லது. போயே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், அந்த ஈர உடையைத் துவாலையில் சுருட்டி அழுத்திவிட்டு, கனமான பிளாஸ்டிக் கவரில் தனியாகப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் அதை எடுத்து உலர்த்துங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் மூன்று இடம் பார்க்க வேண்டும்: கட்டில் ஓரத்து பிளக்கில் சார்ஜர், ஃபிரிட்ஜில் மருந்து, பாத்ரூம் கதவுக்குப் பின்னால் கொக்கியில் துண்டு.