டிரை சிரப்பில் தொடங்கும் கோளாறு: ஆன்டிபயாடிக் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்பவன் நான். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் நடந்த அதே தவறுகளைப் புதிதாக வேலைக்குச் சேரும் மருந்தாளுநர்களிடம் இன்றும் பார்க்கிறேன். முதல் குழந்தையோடு வரும் இளம் பெற்றோரும் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். மருத்துவர் சரியாகப் பார்த்து, சரியான மருந்தை எழுதிக் கொடுத்து, அதைக் காசு கொடுத்து வாங்கிய பிறகு வீட்டுச் சமையலறையில் நடக்கும் தவறுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது.

டிரை சிரப்பைத் தப்பாகக் கலக்குவது

பொடியாக வாங்கி, வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் சிரப்தான் டிரை சிரப். அப்படி வரும் அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பவிடாமல் தடுக்கின்றன. சுவர் சரியாக அமையாத பாக்டீரியா பெருகப் பார்க்கும்போது உடைந்து சாகிறது. மனித செல்களுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. அதனால்தான் இவ்வளவு வலுவான மருந்தைக் கைக்குழந்தைக்குக்கூட நம்பிக் கொடுக்க முடிகிறது. மருந்தின் மூலக்கூறில் இந்த வேலையைச் செய்வது பீட்டா-லாக்டம் என்ற வளையம். தண்ணீரில் கரைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துபோவதும் அதே வளையம்தான். சூடு பட்டால் இன்னும் வேகமாக உடையும். அமாக்சிசிலினோடு சேர்த்துத் தரும் கிளாவுலானிக் அமிலம் அதைவிடச் சீக்கிரம் வீணாகும். தொழிற்சாலையிலேயே கரைத்து அனுப்பினால் கடைக்கு வந்து சேரும்போதே வீரியம் போயிருக்கும். அதனால்தான் பொடியாக வருகிறது, நாம் கலக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பாட்டி பாட்டிலைக் கொண்டுவந்து, "மருந்து கேக்கவே மாட்டேங்குது தம்பி, வேற எழுதித் தரச் சொல்லணுமா?" என்று கேட்டார். எப்படிக் கலந்தீர்கள் என்று விசாரித்தேன். "கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன், அப்பத்தானே கிருமி சாகும்" என்றார். பேரன் மேல் உள்ள அக்கறையில் செய்த காரியம். தண்ணீரைக் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்டு ஊற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விற்ற கடையில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு அப்பா, வேளைக்கு ஒரு ஸ்பூன் பொடியை எடுத்துத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்துவந்தார். மொத்தமாகக் கரைத்து வைத்தால் கெட்டுவிடும் என்று பயந்திருக்கிறார். ஐந்து மில்லி சிரப்பில் இருக்க வேண்டிய மருந்தைப் போல எத்தனை மடங்கு அந்தக் குழந்தையின் வயிற்றுக்குள் போனதோ! வயிற்றுப்போக்கு நிற்காமல் மருத்துவமனைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

சரி, கணக்கைப் பாருங்கள். லேபிளில் 228.5 மில்லிகிராம் என்று போட்ட 30 மில்லி பாட்டிலில், ஐந்து மில்லிக்கு 200 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 28.5 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலமும் இருக்கும். பாட்டில் முழுவதற்கும் அமாக்சிசிலின் 1,200 மில்லிகிராம். பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக் குறியைப் பார்க்காமல் 40 மில்லி வரை தண்ணீர் ஊற்றிவிட்டால் ஐந்து மில்லியில் 150தான் கிடைக்கும். ஒவ்வொரு வேளையும் கால் பங்கு குறைகிறது. கிருமியைக் கொல்லப் போதாத அளவு பெனிசிலின் பட்டால் அது எதிர்ப்புத் திறன் பெற்றுவிடக்கூடும், உடலுக்குள்ளும் எப்போதாவது அப்படி நடந்திருக்கிறது என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் தன் நோபல் உரையிலேயே எச்சரித்துவிட்டார்.

கலக்கும் முறை இதுதான். முதலில் பாட்டிலைத் தட்டிக் குலுக்கி, அடியில் இறுகிக் கிடக்கும் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கொதித்து ஆறிய நீர். குறிக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கட்டும். அடங்கியதும் அளவு கீழே இறங்கியிருக்கும். அப்புறம் மறுபடி குறி வரை ஊற்றிக் குலுக்குங்கள். இந்த இரண்டாவது முறை ஊற்றுவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 30 மில்லி பாட்டில்தானே என்று 30 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றுவதும் தப்பு. பொடியும் இடம் பிடிக்கும், அளவு குறியைத் தாண்டிப் போய்விடும்.

ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் முன் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். முதல் சில வேளைகள் தண்ணீராகவும் கடைசி வேளைகள் குழம்பாகவும் போகும். வீட்டு ஸ்பூனுக்கு ஒரே அளவு கிடையாது. கூடவே வரும் அளவு மூடி, அதைவிடத் துல்லியமாக ஊசியில்லாத சிரிஞ்ச், இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். கடையில் கேட்டால் சில ரூபாய்க்கு சிரிஞ்ச் கிடைக்கும்.

கலந்த அமாக்சிசிலின்-கிளாவுலானிக் சிரப்பை ஃபிரிட்ஜில் வைத்து ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. எல்லா சிரப்பும் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும் என்றும் இல்லை. கிளாரித்ரோமைசின் சிரப்பை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. ஆகவே லேபிளைப் படியுங்கள், கலந்த தேதியை அதிலேயே பேனாவால் எழுதுங்கள்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதன் தொடர்ச்சி. மருத்துவர் காலையும் இரவும் ஐந்து மில்லி வீதம் ஐந்து நாளுக்கு எழுதியிருப்பார். 50 மில்லி வேண்டும். 30 மில்லி பாட்டில் மூன்று நாளில் தீரும். பாட்டில் தீர்ந்ததும் கோர்ஸும் தீர்ந்தது என்று அம்மாக்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அதற்குள் காய்ச்சலும் விட்டிருக்கும். தவறு கவுண்டரில் நடந்தது. சீட்டில் இருப்பதைப் பெருக்கிப் பார்த்து இரண்டு பாட்டில் கொடுத்திருக்க வேண்டும். முதல் பாட்டில் முடியும் வரை இரண்டாவதைக் கலக்காதீர்கள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. பல தொற்றுகளுக்கு இப்போது குறைந்த நாட்களே போதும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைத் தொற்றுக்குப் பெனிசிலின் வகை மருந்தைப் பத்து நாள் எழுதுவார்கள். பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து குழந்தையின் இதய வால்வைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த நாட்கணக்கை பாட்டிலின் அளவு தீர்மானிக்கக் கூடாது.

'228 இல்லை, 457 இருக்கு'

இது, 228.5 சிரப் ஸ்டாக் இல்லாதபோது 457ஐ எடுத்துக் கொடுக்கும் புதிய மருந்தாளுநர்களுக்கு. 457 மில்லிகிராம் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 400 மில்லிகிராம் அமாக்சிசிலின். அதே ஐந்து மில்லியைக் கொடுக்கச் சொன்னால் இரண்டு மடங்கு போகிறது. மருத்துவரை ஃபோனில் கேட்காமல் மாற்றிக் கொடுக்காதீர்கள். குழந்தையின் எடையைப் பார்த்துத்தான் அவர் அளவை எழுதியிருக்கிறார்.

இரண்டு 375 சேர்ந்தால் ஒரு 625 ஆகாது

அமாக்சிசிலின்-கிளாவுலானிக் 375 மில்லிகிராம் மாத்திரையில் 250 அமாக்சிசிலின், 125 கிளாவுலானிக் அமிலம். 625இல் 500 அமாக்சிசிலின், அதே 125. 625 ஸ்டாக் இல்லை என்று இரண்டு 375 போட்டால் கிளாவுலானிக் அமிலம் 250 ஆகிவிடும். வயிற்றுப்போக்கை வரவழைக்க அது போதும். பாக்டீரியா பீட்டா-லாக்டம் வளையத்தை உடைக்க விடும் நொதியை அடக்குவது மட்டும்தான் கிளாவுலானிக் அமிலத்தின் வேலை. அதைக் கூட்டுவதால் நோய் சீக்கிரம் குணமாகாது.

அசித்ரோமைசின் மூன்று நாள் போதாது என்று நீட்டுவது

இது சுவரைத் தொடுவதில்லை, பாக்டீரியா புரதம் செய்யும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. திசுக்களுக்குள் ஊறி நிற்கும். உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் சில நாள் வேலை நடந்துகொண்டே இருக்கும். மூன்று நாள் எழுதியிருந்தால் மூன்று நாள்தான்.

சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு விழுங்குவது

கால்சியம் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சேராது. தண்ணீரோடு போடுங்கள். அல்சருக்கான வெள்ளைத் திரவ மருந்து, இரும்புச் சத்து மாத்திரை இவற்றையும் சில மணி நேரம் தள்ளி வையுங்கள்.

டாக்சிசைக்ளின் போட்டதும் படுப்பது

எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் நம் ஊரில் அதிகம் எழுதப்படும் நல்ல மருந்து. ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். கடும் வெயிலில் அலைய வேண்டாம், தோல் கருகும்.

கேப்சூலைப் பிரித்துப் புண்ணில் தூவுவது

கூடாது.

'இது அலர்ஜி' என்று நாமே முடிவு கட்டுவது

லேசான வயிற்றுப்போக்கு அலர்ஜி இல்லை. அதை அலர்ஜி என்று ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்லிவந்தால் பெனிசிலின் வகை முழுவதையும் தவிர்த்துவிட்டு, தேவையில்லாமல் வேறு மருந்துக்குப் போவார்கள். மறுபுறம், மருந்து கொடுத்த பிறகு உடலெங்கும் தடிப்பு, உதடோ முகமோ வீங்குவது, மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. கடைக்கு வந்து மாத்திரை கேட்காதீர்கள். எந்த மருந்தால் வந்தது என்று எழுதி வாங்கி, சீட்டுகளோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு வேளை மறந்துபோனால்

ஞாபகம் வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட்டு வழக்கமான அளவைத் தொடருங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.