8051-க்கு எந்தக் கம்பைலர்? எஸ்டிசிசியில் 8 கேபிக்குள் நிரலை அடக்கும் முறை

8051 வகை மைக்ரோகண்ட்ரோலரான ஏடி89எஸ்52 சிப்பில் இருப்பது 8 கேபி ஃபிளாஷ் (நிரல் தங்கும் மெமரி), 256 பைட் ரேம். பிசியில் எழுதிப் பழகிய அதே கையோடு இதற்கு சி நிரல் எழுதினால் எல்சிடி, சீரியல், ஒரு சென்சார் சேர்ந்ததுமே இடம் தீர்ந்துவிடும். 8051-க்கான இலவசக் கம்பைலர் உங்களுக்காக அதிகம் யோசிக்காது. எது எத்தனை பைட், எந்த மெமரியில் இருக்க வேண்டும் என்பதை நீங்களே அதற்குச் சொல்ல வேண்டும்.

படி 1: கம்பைலரை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

பிசியில் பழகிய ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் 8051-ஐ ஆதரிப்பதில்லை. தொடக்க நிலையில் பெரும்பாலும் கெய்ல் சி51, எஸ்டிசிசி என்ற இரண்டில் ஒன்றுதான்.

கெய்லின் ஆப்டிமைசேஷன் வலுவானது. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது என்பதை அதன் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி) நிரல் முழுக்கப் பார்த்து, ஒரே நேரத்தில் ஓடாத ஃபங்ஷன்களுக்கு ஒரே ரேம் இடத்தைப் பகிர்ந்து கொடுக்கும். ஆனால் இலவச மதிப்பீட்டுப் பதிப்பில் நிரல் 2 கேபியைத் தாண்ட முடியாது. எஸ்டிசிசிக்கு அந்த வரம்பு இல்லை, முழுக்க இலவசம். அது ரேமைப் பகிர்வது வேறு எதையும் கூப்பிடாத கடைசி நிலை ஃபங்ஷன்களுக்கு மட்டும்தான்.

எல்இடி, செவன் செக்மென்ட் அளவிலான பயிற்சி என்றால் கெய்ல் போதும். அதற்கு மேல் போகும் ப்ராஜெக்ட் என்றால் முதல் நாளே எஸ்டிசிசியில் தொடங்குங்கள். நடுவில் மாறினால் சிப்பின் கால்களுக்கான (பின்) அறிவிப்பு எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டிவரும்: கெய்லில் 'பி1^0' என்று எழுதுவதை எஸ்டிசிசி ஏற்காது, அதன் ஹெடரில் அதே பின் 'பி1_0'.

படி 2: கம்பைல் செய்யுங்கள்

உபுண்டுவில் ஏபிடி மூலம் எஸ்டிசிசியை நிறுவலாம். கீழுள்ள கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்:

எஸ்டிசிசி -எம்எம்சிஎஸ்51 --மாடல்-ஸ்மால் --ஐரேம்-சைஸ் 256 --கோட்-சைஸ் 8192 --ஆப்ட்-கோட்-சைஸ் மெயின்.சி

இரண்டு சைஸ் எண்களையும் விட்டுவிடாதீர்கள். அவை இருந்தால்தான் இடம் மீறும்போது லிங்கரே பிழை காட்டும். இல்லாவிட்டால் சிப்பில் ஏற்றிய பிறகுதான் தெரியும். 'மேக்ஸ்-அலாக்ஸ்-பெர்-நோட்' என்ற ஆப்ஷனின் எண்ணைக் கூட்டச் சொல்லும் குறிப்புகள் இசட்80, எஸ்டிஎம்8 போன்ற வேறு சிப்களுக்கானவை. 8051-இல் அதனால் பயனில்லை.

படி 3: .மெம், .ஏஎஸ்எம் கோப்புகளைத் திறந்து பாருங்கள்

கம்பைல் செய்ததும் இவை உருவாகும். .ஏஎஸ்எம் கோப்பில் கம்பைலர் எழுதிய அசெம்பிளிக் கட்டளைகள் இருக்கும். .மெம் கோப்பில் ஃபிளாஷ் எவ்வளவு போனது, ஸ்டாக் எங்கே தொடங்குகிறது, அதற்கு எத்தனை பைட் மிச்சம் என்று இருக்கும். அடுத்த படியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

படி 4: நிரலைச் சுருக்குங்கள்

அதிகப் பலன் தருவது வேரியபிளின் அகலம். 8051 ஒரு 8 பிட் சிப். இன்ட் என்றால் 16 பிட். 0 முதல் 100 வரை எண்ணும் லூப்புக்கு இன்ட் வைத்தால் இரண்டு பைட்டையும் கூட்டி, கேரி பார்த்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதையே அன்சைன்ட் சார் ஆக்கி, 100-இலிருந்து கீழ்நோக்கி டூ-வைல் லூப்பில் எண்ணுங்கள். .ஏஎஸ்எம் கோப்பில் லூப்பின் முடிவில் டிஜேஎன்இசட் (ஒன்றைக் குறைத்து, பூஜ்யம் ஆகாவிட்டால் திரும்பத் தாவும்) என்ற ஒரே கட்டளை நிற்கும். ரெஜிஸ்டரில் என்றால் அதற்கு 2 பைட், 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் 2 மைக்ரோ விநாடி. வகுத்தலிலும் இப்படியே. 8 பிட் எண்ணை 8 பிட் எண்ணால் வகுக்க சிப்பிலேயே டிவ் கட்டளை உண்டு; இன்ட்டாக எழுதினால் லைப்ரரி ஃபங்ஷன் உள்ளே வந்துவிடும்.

அடுத்தது பாயின்டர். எந்த மெமரி என்று சொல்லாத பாயின்டருக்கு 3 பைட் போகும். அதன் வழியாகப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எந்த மெமரி என்று பார்க்க ஒரு துணை ஃபங்ஷன் ஓடும். எல்சிடியில் காட்டும் வாசகம் ஃபிளாஷில்தானே இருக்கிறது? பாயின்டரை '__கோட்' என்று குறித்து அறிவித்தால் 2 பைட் போதும், அந்தத் துணை ஃபங்ஷனும் வேண்டாம்.

ஃப்ளோட் வேண்டவே வேண்டாம். எல்எம்35 சென்சாரின் 27.5 டிகிரியை 275 என்று முழு எண்ணாக வைத்து, காட்டும்போது புள்ளியைச் சேருங்கள். பிரின்ட்எஃப் இடத்தில் 'பிரின்ட்எஃப்_ஸ்மால்' போதும். ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் கொடிகளுக்கு (ஃபிளாக்) ஒரே பிட் எடுக்கும் '__பிட்' வகை.

எஸ்டிசிசி ஒரே கோப்பில் இருக்கும் பயன்படாத ஃபங்ஷன்களை நீக்காது. எங்கிருந்தோ எடுத்த எல்சிடி கோப்பில் 12 ஃபங்ஷன் இருந்து நீங்கள் 3 மட்டும் கூப்பிட்டாலும் 12-ம் ஃபிளாஷில் ஏறும். மற்றதை அழித்துவிடுங்கள்.

படி 5: இன்டரப்டில் கவனம்

இன்டரப்ட் என்பது ஓடும் நிரலை இடையில் நிறுத்திவிட்டு ஓடும் ஃபங்ஷன். இங்கே வரும் பிழைகளைக் கண்டுபிடிப்பது கடினம், எப்போதாவதுதான் தலைகாட்டும். லோக்கல் வேரியபிள்கள் ஸ்டாக்கில் இல்லாமல் நிலையான ரேம் இடத்தில் இருப்பதால், ஒரே ஃபங்ஷனை மெயினும் இன்டரப்டும் கூப்பிட்டால் ஒன்றின் மதிப்பை மற்றொன்று அழிக்கும். இன்டரப்டுக்குள் எந்த ஃபங்ஷனையும் கூப்பிடாதீர்கள். ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு வெளியே வாருங்கள், வேலையை மெயின் லூப் செய்யட்டும். அப்படிச் செய்தால் ஸ்டாக்கில் சேமிக்க வேண்டிய ரெஜிஸ்டர்களும் குறையும். மெயினும் இன்டரப்டும் தொடும் வேரியபிளுக்கு வோலடைல் (ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) கட்டாயம். அது 16 பிட் என்றால் மெயினில் படிக்கும் இடத்தை, இன்டரப்டைத் தற்காலிகமாக நிறுத்தும் '__கிரிட்டிக்கல்' பகுதிக்குள் வையுங்கள். இல்லையென்றால் ஒரு பைட் பழையதும் ஒரு பைட் புதியதுமாகக் கலந்து வரும். இன்டரப்ட் ஃபங்ஷன் வேறு கோப்பில் இருந்தால் அதன் அறிவிப்பு மெயின் உள்ள கோப்பிலும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெக்டரே (இன்டரப்ட் வந்ததும் அந்த ஃபங்ஷனுக்குத் தாவும் இடம்) உருவாகாது.

தாமதத்துக்காக வெறும் லூப் எழுதியிருந்தால், கம்பைலரையோ மேலுள்ள எந்த ஆப்ஷனையோ மாற்றியதும் அதன் நேரம் மாறிவிடும். அந்த வேலையை டைமர் 0-விடம் கொடுத்துவிடுங்கள்.